கயிறு பிடிக்கிறவன்

தூத்துக்குடியில் பனி என்று ஒன்று இருந்தால் அது மாதா கோயிலின் பெயரில்தான் இருக்கும். மற்றபடி மார்கழி விடியற்காலையிலும் மின்விசிறியை நிறுத்தாத ஊர் அது. அந்த ஊரில் பனிமய மாதாவின் பெயரைச் சுமந்துகொண்டு நாற்பது வயது வரை வாழ்ந்தவள் பனிமயம். அவள் பனியைக் கண்ணால் கண்டதெல்லாம் மீனுக்கு உடைக்கிற ஐஸ் பாளத்திலும், தன் வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டிலும்தான். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா திருவிழா பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் புருஷனிடம் ஒரே பல்லவியைப் பாடுவாள்.

“என் பேர்ல இருக்கதை ஒருக்க கையால தொட்டுப் பாக்கணும்ங்க. வேற என்ன கேட்டேன் ஒங்ககிட்ட?”

அவள் வேறு எவ்வளவோ கேட்டிருக்கிறாள், அது தனிக் கதை. ஆனாலும் ஜாய்சனுக்கு இந்த ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பிள்ளை இல்லை. ஊர் ஆயிரம் பேசியும் அவள் ஒருநாள்கூட அவனைக் குத்திப் பேசியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு கைப்பிடிப் பனியைக் காட்ட முடியாத நான் என்ன மனுஷன் என்று அவன் தன்னைத்தானே வைதுகொள்வான்.

ஜாய்சன் திரேஸ்புரத்துச் சங்குகுளிகாரன், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன். கம்ப்ரெசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவன் வெறும் மூச்சில்தான் இறங்குவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வெறும் மூச்சில் இறங்குகிறவனின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். படகில் இருந்து அதைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள், பங்காளி மனசு எப்போது எப்படி இருக்குமோ யார் கண்டது. மச்சான் என்றால் கதை வேறு. தங்கச்சியின் தாலியும் அந்தக் கயிற்றோடு சேர்ந்து அவன் கையில் இருக்கிறது. கொட்டாவிகூட விடமாட்டான்.

ஜாய்சனுக்குக் கயிறு பிடித்தவர் பனிமயத்தின் அண்ணன் ஜேசுபாதம். பத்தொன்பது வருஷமாக அவர்தான். அவருக்குக் காய்ச்சல் என்றால் ஜாய்சனும் கடலுக்குப் போவதில்லை. கயிற்றை ஒரு தடவை சுண்டினால் ‘நல்லாயிருக்கேன்’ என்று பொருள். இரண்டு தடவை சுண்டினால் ‘தூக்கு’. இரண்டு சுண்டு வந்துவிட்டால் அதன் பிறகு யோசனை என்பதே கிடையாது. ஒரு தரம் கால் பட்டுக் கயிறு தவறுதலாக இரண்டு முறை ஆட, கையில் இருந்த இடம்புரிச் சங்கோடு ஜாய்சனைக் கொத்தாக மேலே இழுத்துப் போட்டுவிட்டார் ஜேசுபாதம். வலம்புரி ஒன்றைப் பார்த்தேன், கெடுத்துவிட்டீர்களே என்று ஜாய்சன் குதித்தான்.

“வலம்புரி கெடக்கும்ல, இன்னொரு நாளு கெடைக்கும். நீ கெடைப்பியா மாப்ள?” என்றார் அவர், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

அந்த வருஷம் சங்கு நன்றாகப் பட்டது. மலையேற்றத்துக்கு ஆட்களைக் கூட்டமாக அழைத்துப்போகும் சென்னைக் கம்பெனி ஒன்றைப் பற்றிப் பனிமயம் செல்போனில் பார்த்தாள். உத்தராகண்டில் பதினாலாயிரத்து ஐந்நூறு அடியில் ஒரு கணவாய், எட்டு நாள் பயணம், முதல்முறை வருகிறவர்களும் வரலாம், வழிகாட்டி தமிழ்க்காரர். ஜாய்சன் இரண்டாவது தடவை யோசிக்காமல் பெயரைக் கொடுத்துவிட்டான்.

ஏறிப் பழக வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். தூத்துக்குடியில் எங்கே ஏற? ஊரே தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. ரயில்நிலைய நடைமேம்பாலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் காலையில் முப்பது தரம் ஏறி இறங்கினார்கள். ரயிலைத் தவறவிட்ட கிறுக்குகள் என்று நினைத்து ஒரு போர்ட்டர் விசாரிக்கவே வந்துவிட்டார். பனிமயம் சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிளம்பும் நாளில் ஜேசுபாதம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். கூடை நிறையக் கருவாடும் மக்ரூனும் கொண்டுவந்து, தங்கச்சி வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் பையில் திணித்தார்.

“அங்கன ஒனக்குக் கயிறு யாரு மாப்ள பிடிப்பா?”

“மலையில எதுக்கு மச்சான் கயிறு? நம்ம மூச்சுக்கு அதெல்லாம் ஒரு மலையா?”

“சரி, ஒனக்கு வேண்டாம். அவ கயித்தை நீ பிடி,” என்று சிரித்தார் ஜேசுபாதம். ரயில் நகர்ந்ததும் சிரிப்பை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இருந்தது அந்த ஒரே தங்கச்சி.

கூட்டத்தில் மொத்தம் பதினான்கு பேர். வழிகாட்டி பால்துரைக்கு முப்பது வயது இருக்கும். சொந்த ஊர் ஆறுமுகநேரி. உப்பளத்து வெயிலில் பிறந்தவன் பனிமலையில் பிழைக்கிறான் என்று தெரிந்ததும் பனிமயம் அவனைத் தம்பியாக்கிக்கொண்டாள். கருவாட்டை அடுப்பில் சுட்டு அவனுக்குக் கொடுத்தாள். கூடாரத்தில் அடித்த வாடையில் பெங்களூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பால்துரை மட்டும் கண்ணை மூடிச் சாப்பிட்டான்.

நல்ல பையன், ஆனால் ஒரு விஷயத்தில் கறார். தினமும் சாயங்காலம் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுவான். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு பார்த்த அதே கருவிதான். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும். எண்பதுக்குக் கீழே போனால் கால் மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பான். அப்போதும் ஏறவில்லையென்றால் மறுநாள் காலையில் ஓர் ஆளைத் துணைக்குப் போட்டுக் கீழே அனுப்பிவிடுவான். கெஞ்சினாலும் நடக்காது, அழுதாலும் நடக்காது.

முதல் முகாமில் பனிமயத்துக்குத் தொண்ணூறு. இரண்டாவதில் எண்பத்தைந்து. வழியெல்லாம் ஜாய்சனுக்கு முன்னால் நடந்து, ஓடையைப் பார்த்தால் கையை நனைத்து, ஆட்டுக்காரர்களைப் பார்த்தால் தமிழிலேயே நலம் விசாரித்துக்கொண்டு போனாள். மூன்றாவது முகாம் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே. அங்கே போய்ச் சேரும்போது அவள் ஜாய்சனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். வறட்டு இருமல் ஒன்று பிடித்திருந்தது. கூடாரத்துக்குப் பக்கத்தில் பாறை நிழலில் பழைய பனி கொஞ்சம் கிடந்தது. மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் ஒட்டிய அழுக்குப் பனி. அதன் பக்கத்தில் குத்தவைத்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை.

அன்று சாயங்காலம் கருவி எழுபத்துநாலு காட்டியது.

“அக்கா, கொஞ்சம் உக்காந்திருங்க. கால் மணி நேரம் கழிச்சுப் பாப்போம்,” என்றான் பால்துரை. அவன் முகத்தைப் பார்த்தே ஜாய்சனுக்குத் தெரிந்துவிட்டது, நாளைக் காலையில் கீழே அனுப்பப் போகிறான் என்று.

இரண்டு பேரும் கூடாரத்துக்குள் வந்தார்கள். பனிமயம் போர்வையைச் சுற்றிக்கொண்டு சாய்ந்தாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. இதைத்தான் ஜாய்சன் பிற்பாடு மறக்கப் பார்த்தான், முடியவில்லை.

“விடுங்க. தொட்டுட்டேன்ல? போதும். நாம ரெண்டு பேரும் கீழ போயிருவோம். எனக்கு அசதியாத்தான் இருக்கு.”

“ஏளா, இது பனியா? ஆட்டுப்புழுக்கை. நாளைக்கு மேல முட்டங்கால் வரைக்கும் கெடக்காம். நாலு மணி நேரம் நடை. இம்புட்டுத் தூரம் வந்துட்டு அழுக்கைத் தொட்டுட்டா திரும்புவாக?”

“அந்தத் தம்பி விடமாட்டானே.”

“அவன் என்ன, அந்த மிசினைப் பாத்துதான சொல்லுதான்? மிசினுக்கு நான் வழி சொல்லுதேன்.”

அவன் அவளுக்குச் சங்குகுளிகாரனின் மூச்சைச் சொல்லிக்கொடுத்தான். இறங்குவதற்கு முன்னால் படகின் விளிம்பில் உட்கார்ந்து எடுக்கிற மூச்சு அது. வயிறு தள்ளும்படி ஆழமாக இழுத்து, வாயைக் குவித்து ஊதுகிற மாதிரி மெல்ல விட வேண்டும். அப்படி இருபது மூச்சு. கடைசி மூச்சை விடாமல் நெஞ்சுக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு உடம்பு தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பிவிடும். அது உடம்பை ஏமாற்றுகிற மூச்சு என்பது கடலில் இறங்குகிற எல்லோருக்கும் தெரியும். தனக்கு மூச்சு முடிந்தது சங்கு குளிக்கிறவனுக்கே தெரியாமல் போய்விடும் என்பதால்தானே மேலே கயிறு பிடிக்க ஓர் ஆளை வைத்தார்கள்? ஜாய்சனுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொல்லிக்கொடுத்தான். ஒரு நாலு மணி நேரம்தானே என்று நினைத்தான். பத்தொன்பது வருஷமாக அவள் கேட்டதைக் கொடுக்கப் போகிறோம் என்கிற சந்தோஷம் அவன் கண்ணை மறைத்துவிட்டது.

அவன் ஆசையைப் பார்த்து அவளும் சம்மதித்தாள். இவ்வளவு பிரியமாகச் சொல்கிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

இரண்டாம் முறை கருவி எண்பத்தாறு காட்டியது. பால்துரைக்கு ஆச்சரியம். நோட்டில் எழுதிக்கொண்டு, “இருமல் இருக்கேக்கா, மூச்சு வாங்குதா?” என்று கேட்டான்.

பனிமயம் வாயைத் திறப்பதற்குள் ஜாய்சன் சொன்னான்: “அது ஊர்லயே உள்ள இருமல் தம்பி. உப்புக் காத்து இருமல். ஒனக்குத் தெரியாததா?”

ஆறுமுகநேரிக்காரன் சிரித்துவிட்டு அடுத்த ஆளின் விரலைப் பிடித்தான். அவளுக்கு அப்படி ஓர் இருமல் ஊரில் என்றைக்கும் இருந்ததில்லை.

விடியும்போது ஏறத் தொடங்கினார்கள். பால்துரை முன்னால் தடம் வெட்டிக்கொண்டு போனான். கடைசியில் இவர்கள் இரண்டு பேரும், அவர்களுக்குப் பின்னால் இந்தி மட்டும் தெரிந்த ஓர் உதவியாளும். ஜாய்சனின் முதுகுப்பையிலிருந்து ஒரு வார் தொங்கியது. அவன் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“இந்தா, பிடிச்சுக்கோ. முடியலைன்னா ரெண்டு சுண்டு சுண்டு. நின்னுருதேன்.”

“எங்க அண்ணன் மாதிரியா?”

“ஒங்க அண்ணன் மாதிரியேதான்.”

கயிறு பிடிக்கிறவனின் தங்கச்சி அவள், சங்குகுளிகாரனின் பெண்டாட்டி. அவளுக்கு அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரம் அவ்வப்போது வார் ஒரு தடவை அசையும். நல்லாயிருக்கேன். ஜாய்சன் திரும்பாமலே சிரித்துக்கொள்வான். பிறகு ஒற்றைச் சுண்டும் வரவில்லை. வாரின் கனம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. கணவாயின் உச்சி தெரிந்தது. அங்கே கட்டியிருந்த கலர்த் துணிகள் காற்றில் அடித்துக்கொள்வதும், முன்னால் போனவர்கள் கூச்சல் போடுவதும் கேட்டது. சுத்தமான வெள்ளைப் பனி முழங்காலுக்குக் கிடந்தது. அப்போது வார் இழுத்தது.

ஒன்று. இரண்டு.

ஜாய்சன் திரும்பிப் பார்த்தான். அவள் நின்றிருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பேசப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. அவன் தண்ணீர்க் குப்பியை அவள் வாயில் வைத்தான். அவன் முதுகுக்குப் பின்னால், இதோ எட்டிப்பிடிக்கிற தூரத்தில், அவன் அவளுக்குக் கொடுக்க வந்த இடம் இருந்தது.

“இன்னும் இருபது எட்டுதாம்ளா. எண்ணிக்கிட்டே வா.”

அவள் வந்தாள். அவன் சொன்னதற்காக வந்தாள். உச்சியில் முட்டிபோட்டு, கையுறையைக் கழற்றி, இரண்டு கையாலும் பனியை அள்ளி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஜாய்சன் படம் எடுத்தான். அந்தப் படத்தில் அவள் சிரிக்கிறாள்தான், இல்லையென்று சொல்லமுடியாது.

மறுபக்கம் இறங்கும்போது இருமலோடு நுரை வந்தது, இளஞ்சிவப்பு நிறத்தில். பால்துரை ஓடிவந்தான், பிராணவாயு சிலிண்டரைத் திறந்து மூக்கில் வைத்தான், அவளை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினான். ரோட்டுக்கு இன்னும் ஆறு மணி நேரம் என்று யாரோ சொன்னார்கள். ஜாய்சன் பக்கத்தில் ஓடிக்கொண்டே அவளிடம், “மூச்சை விடு, மெள்ள விடு, நான் சொன்ன மாதிரி இல்ல, சும்மா விடு” என்று பிதற்றிக்கொண்டே வந்தான். அருள்நிறைந்த மரியே ஜெபம் பாதியில் மறந்துபோனது. தேவதாரு மரங்கள் தொடங்குகிற இடத்தில் பால்துரை அவளை இறக்கிப் படுக்கவைத்து, கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஜாய்சன் தண்ணீருக்குள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் மூச்சை அடக்குகிறவன். அவன் கையில் ஒரு மூச்சு மிச்சம் இருந்து, அதை அவளுக்குக் கொடுக்க ஒரு வழி இருந்திருக்கலாகாதா?

பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தாள். கல்லறையில் மண் தள்ளியபோது ஜேசுபாதம் மாப்பிள்ளையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். “நீ இருக்கப்போயி அவ தனியாச் சாகல மாப்ள,” என்று அவன் காதில் சொல்லிச் சொல்லி அழுதார். அதைக் கேட்டு நிற்பதுதான் ஜாய்சனுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம் பால்துரை போனில் கூப்பிட்டான். கம்பெனி அவனை நிறுத்திவிட்டது. எழுபத்துநாலில் இருந்த ஆள் கால் மணி நேரத்தில் எண்பத்தாறுக்கு எப்படி ஏறும், நீ பொய்யாக எழுதிவிட்டாய் என்கிறார்களாம். அவன் சண்டை போடவில்லை.

“அண்ணே, எண்பத்தாறு காட்டுச்சுல்ல? நீங்களும் பக்கத்துலதான இருந்திய? நான்தான் தப்பாப் படிச்சிட்டேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லண்ணே. அக்கா குடுத்த கருவாட்டைத் தின்னுட்டு அக்காவைக் கொன்னுட்டேனாண்ணே?”

ஜாய்சன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் ஜேசுபாதம் கரையில் படகடியில் உட்கார்ந்திருந்தார். கையில் டைப் அடித்த மனு. போலீசுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. வழிகாட்டி பால்துரையின் கவனக்குறைவால் என்று தொடங்கியது.

“கையெழுத்தைப் போடு மாப்ள. அந்த ஆறுமுகநேரிப் பயல சும்மா விடக்கூடாது.”

ஜாய்சன் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டால் மச்சான் இருப்பார், கடல் இருக்கும், இந்த உலகத்தில் அவனை மாப்ள என்று கூப்பிட ஒரு வாய் இருக்கும். பேனாவை மணலில் வைத்தான்.

“அவன் தப்பா எழுதல மச்சான். நான்தான் அவளுக்கு நம்ம மூச்சைச் சொல்லிக்குடுத்தேன். மிசினை ஏமாத்த.”

சொன்னான். எழுபத்துநாலு, இருபது மூச்சு, உப்புக் காத்து இருமல் என்று எல்லாவற்றையும் தலையைத் தூக்காமல் சொன்னான். மச்சான் அடிக்கப் போகிறார் என்று ஜாய்சன் நினைத்தான், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர் மனுவை நாலாகக் கிழித்தார்.

“அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிரு. கம்பெனிக்காரங்களுக்கும் எழுதிக் குடு,” என்றார். “என்ன செய்ய? ஆசைப்பட்டுத்தான செஞ்ச. அவளுக்காகத்தான செஞ்ச. கடல்ல எத்தன தரம் நாமளே அப்படி ஏமாந்திருக்கோம். அழாத மாப்ள.”

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த தங்கச்சி, கடைசியில் எப்படி இருந்தாள் என்று கேட்காமல் அவருக்கு ஆறவில்லை.

“ஏறும்போ ஒங்கூடத்தான வந்தா? அவளுக்கு முடியலைன்னு ஒண்ணுமே காட்டலியா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“பேச மூச்சு இல்ல மச்சான். என் பையோட வாரைப் பிடிச்சிக்கிட்டு வந்தா.”

ஜேசுபாதம் மெல்லத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார்.

“சுண்டுனாளா?”

“சுண்டுனா.”

“எத்தன?”

ஜாய்சன் இரண்டு விரலை நீட்டினான்.

ஜேசுபாதம் எழுந்து படகுக்குள் ஏறினார். குறுக்குப் பலகைக்கு அடியில் இருந்த கயிற்றை எடுத்து, சிக்கு விடுவித்து, எப்போதும் போல முழங்கையில் ஒழுங்காகச் சுற்றினார். இறங்கிவந்து அதை ஜாய்சனின் மடியில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அந்தக் கயிற்றை அவர் பத்தொன்பது வருஷத்தில் இன்னொருவர் கையில் கொடுத்ததே இல்லை.